படப்புத்தகம் வழியே அபொரிஜினல் வரலாறு: பிள்ளைகளுக்குக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கு சிட்னியில் ஒரு வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு தமிழில் நடக்கும். வருடத்தில் ஆறு வாரங்களை, ஆஸ்திரேலியாவின் முதல் மக்களான அபொரிஜினல் மக்களின் வரலாற்றுக்கு ஒதுக்குகிறோம். இந்த வகுப்பை எடுக்க வரும் புதியவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இடறுகிறார்கள். நல்ல படப்புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் போய்விடுகிறார்கள். முதல் வருடம் நானும் அதைத்தான் செய்தேன். புத்தகம் எடுப்பது மூன்றாவது வேலை. அதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

கீழே உள்ளது 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானது. வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்பவர்களும் இதே வரிசையில் போகலாம். எந்தப் படியையும் முன்னே பின்னே மாற்ற வேண்டாம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

1. நீங்கள் உட்கார்ந்திருக்கும் மண் யாருடையது?

1788-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தபோது இந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மண் இருந்தது, ஒரு மக்கள் கூட்டம் இருந்தது. ஆகவே "அபொரிஜினல் வரலாறு" என்று ஒற்றை வரலாறு கிடையாது. உங்கள் பள்ளிக் கட்டடம் நிற்கும் இடத்தின் வரலாறு இருக்கிறது, பக்கத்து மண்ணின் வரலாறு இருக்கிறது. முதலில் உங்களுடையதைத் தேடுங்கள்.

கான்பெராவில் உள்ள அயாட்சிஸ் என்ற அபொரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஆய்வு நிறுவனத்தின் மொழி நில வரைபடம் நல்ல தொடக்கம். அதில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கும். எல்லைகளைக் கோடாகக் கிழிக்க முடியாது என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் அளவுகோல் வைத்து "இந்தத் தெருவோடு முடிகிறது" என்று சொல்லாதீர்கள். உங்கள் நகரசபையின் இணையதளத்திலும் ஒரு முறை பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளி இருப்பது தாருக் மக்களின் மண்ணில். இது தெரிந்தவுடன் வகுப்புக்குத் தேவையானது பாதி தானாகவே கையில் வந்து விழுந்தது. பரமட்டா என்ற ஊர்ப்பெயர் அங்கே வாழ்ந்த பர்ரமட்டகல் மக்களின் பெயரிலிருந்து வந்தது. பர்ரா என்றால் விலாங்கு மீன். பரமட்டாவின் ரக்பி அணிக்கு ஏன் ஈல்ஸ் என்று பெயர் என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளக்கு எரிகிறது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வகுப்புக்கு வருகிறவன் ஒருவன் இருப்பான்.

நம் ஆட்கள் நிறைய பேர் வீடு வாங்கியிருக்கும் டூங்காபியும் அப்படித்தான். 1797-இல் பெமுல்வாய் என்ற பிட்ஜிகல் வீரர் தன் ஆட்களோடு அங்கிருந்த அரசுப் பண்ணையைத் தாக்கினார். அவரைத் துரத்திவந்தவர்களோடு பரமட்டாவில் மோதி, சுடப்பட்டு, பிடிபட்டு, காலில் விலங்கோடு தப்பினார். பக்கத்திலேயே அவர் பெயரில் ஒரு புறநகர் இருக்கிறது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளாவது அந்த வழியாகத்தான் காரில் வருகிறார்கள்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? பிள்ளைகள் மனத்தில் அபொரிஜினல் மக்கள் எங்கோ செம்மண் பாலைவனத்தில், ஈட்டியோடு ஒற்றைக்காலில் நிற்கிறவர்களாகப் பதிந்துவிடுவார்கள். அப்புறம் அதை அழிப்பது கஷ்டம்.

2. கேட்க வேண்டியவர்களிடம் கேளுங்கள்

நியூ சவுத் வேல்ஸில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளூர் அபொரிஜினல் நில மன்றம் இருக்கிறது. கல்விக்கென்று அபொரிஜினல் கல்வி ஆலோசனைக் குழுவும் இருக்கிறது. பெரிய நகரசபைகள் பலவற்றில் இதற்கென்றே ஓர் அலுவலர் இருப்பார். இவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது, எந்த வாரங்களில் நடத்தப்போகிறீர்கள் என்பது போதும். இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த மண்ணைப் பற்றி எந்தப் புத்தகங்களைப் பயன்படுத்தலாம்? ஒரு நாள் யாராவது வந்து பிள்ளைகளோடு பேச முடியுமா?

குறைந்தது எட்டு வாரம் முன்னால் எழுதுங்கள். மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம், ஜூலை முதல் வாரத்தையொட்டி இம்மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாடும் நைடாக் வாரம். அந்த நாட்களில் ஊரிலுள்ள பள்ளிகள், அலுவலகங்கள், வங்கிகள் எல்லாம் ஒரே சில பெரியவர்களைத்தான் கூப்பிடும். நாங்கள் ஆகஸ்டையொட்டி நடத்துகிறோம். ஆட்கள் கிடைக்கிறார்கள், அவசரமும் இல்லை.

வருகிறவருக்குக் கட்டணம் உண்டு. இதைச் சொல்லும்போது நம் கமிட்டிக் கூட்டங்களில் ஒரு முனகல் எழும், "நம்ம பள்ளிக்கூடமே தொண்டு அடிப்படையில்தானே நடக்கிறது" என்று. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மிருதங்கக்காரரை இலவசமாகக் கூப்பிடுவோமா என்று நான் கேட்பேன். முனகல் அடங்கிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஒரு மண்ணுக்கு வரவேற்பது அந்த மண்ணின் மக்கள் மட்டுமே செய்யக்கூடியது. இந்த மண் இன்னாருடையது என்று ஏற்றுச் சொல்லி, அவர்களின் பெரியவர்களுக்கு மரியாதை செலுத்துவது யாரும் செய்யக்கூடியது. வகுப்பு தொடங்கும்போது இரண்டாவதை நாமே தமிழில் சொல்கிறோம், இரண்டு வாக்கியத்தில். பிள்ளைகள் முறைவைத்துச் சொல்கிறார்கள். முதலாவதை நாம் செய்தால், வாடகை வீட்டுக்காரர் வாசலில் நின்று வீட்டுச் சொந்தக்காரரை "வாங்க வாங்க" என்பது போல இருக்கும்.

3. புத்தகங்களை மேசையில் வைத்துச் சோதியுங்கள்

இப்போது நூலகத்துக்குப் போகலாம். பத்துப் பதினைந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு வாருங்கள். அவற்றிலிருந்து ஐந்துதான் வேண்டும். உங்கள் கிளை நூலகத்தில் இல்லாததை வேறு கிளையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், ஆனால் வாரக்கணக்கில் ஆகலாம்.

முதலில் பின்னட்டையையும் உரிமைப் பக்கத்தையும் பாருங்கள். எழுதியவர் யார், வரைந்தவர் யார், எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று போட்டிருக்கிறதா? "தாருக்", "குரிஞ்ஜி", "யோல்ஙு" என்று மக்களின் பெயர் இருக்க வேண்டும். வெறுமனே "ஒரு பழைய அபொரிஜினல் கதை" என்று மட்டும் இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். கதைக்குச் சொந்தக்காரர் உண்டு, அவர் பெயரைச் சொல்லாமல் அச்சிட்ட புத்தகம் எங்கிருந்து எடுத்தது என்பது தெரியாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ப்ரூம் ஊரிலிருந்து வரும் மகபாலா பதிப்பகம் முதற்குடி மக்களே நடத்துவது. அதன் பட்டியலிலிருந்து தொடங்கினால் இந்தச் சோதனையில் பாதி வேலை மிச்சம்.

அடுத்து, எழுத்தைப் படிக்காமல் படங்களை மட்டும் புரட்டுங்கள். அபொரிஜினல் மனிதர்களுக்கு முகம் இருக்கிறதா, அல்லது தூரத்துக் கறுப்பு நிழல்களா? ஆங்கிலேயர்களுக்கு மட்டும் பெயரும் தொப்பியும் கொடுத்துவிட்டு மற்றவர்களை மரங்களோடு மரமாக வரைந்திருக்கிறார்களா? பழைய புத்தகங்களில் இது சகஜம். நல்ல எண்ணத்தோடு வரைந்தவற்றிலும் உண்டு.

கடைசியாக வினைச்சொற்களைப் பாருங்கள். "வேட்டையாடினார்கள், பாடினார்கள், வாழ்ந்தார்கள்" என்று எல்லாமே இறந்தகாலத்தில் முடிந்தால், புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஒரு இரங்கல் குறிப்புதான்.

தேர்ந்தெடுத்த ஐந்தில் ஒன்றாவது உங்கள் மண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். எங்களுக்கு 'கூயீ மிட்டிகார்' இருக்கிறது. எழுதியவரும் வரைந்தவரும் தாருக் பெண்கள், தாருக் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. மெல்பர்னிலோ டார்வினிலோ இருப்பவர்கள் இதையே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அது உங்கள் ஊர்ப் புத்தகம் இல்லை.

பல புத்தகங்களின் முதல் பக்கத்தில், இறந்தவர்களின் பெயரோ படமோ உள்ளே இருக்கலாம் என்று ஓர் அறிவிப்பு இருக்கும். அதைத் தாண்டிப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இறந்தவர் பெயரை உச்சரிப்பதில் பல சமூகங்களுக்கு நியமங்கள் உண்டு என்று சொன்னால் அவர்களுக்கு எளிதாகப் புரிகிறது.

4. தமிழ்ச் சொற்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

தமிழில் நடத்துகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். புத்தகத்தில் சரியாக இருக்கும் விஷயம் நம் வாயில் மாறிவிடுகிறது. வகுப்புக்கு முந்தைய இரவே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மக்களின் பெயர். "ஆதிவாசி" வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் அது வேறு மக்களைக் குறிக்கிறது, பிள்ளை வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னால் அவர் மனத்தில் வேறு படம் வரும். "காட்டுவாசி" பற்றிப் பேச்சே இல்லை. "முதற்குடி மக்கள்" நன்றாக இருக்கிறது. அபொரிஜினல் மக்களையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும் அது சேர்த்தே குறிக்கும். குறிப்பிட்ட மக்களைப் பற்றிப் பேசும்போது தாருக், குரிஞ்ஜி என்று அவர்கள் பெயரையே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் "அபொரிஜின்" என்று பெயர்ச்சொல்லாகச் சொல்வது இன்று இங்கே மரியாதைக் குறைவாகவே கேட்கிறது.

"கன்ட்ரி" என்ற சொல்லை "நாடு" என்று பெயர்த்தால் பிள்ளைகள் ஆஸ்திரேலியா, இந்தியா, இலங்கை என்று கொடிகளை நினைக்கிறார்கள். நாஞ்சில் நாடு, கொங்கு நாடு என்ற பழைய பொருள் அவர்களுக்குத் தெரியாது. நான் "சொந்த மண்" என்கிறேன். அதோடு ஒரு வாக்கியம் சேர்க்கிறேன்: நிலம் மட்டும் இல்லை, ஆறு, விலங்கு, முன்னோர், அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை எல்லாம் சேர்ந்தது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் நம் பெரியவர்கள் "நீங்க எந்த ஊர், யாருடைய ஆள்?" என்று கேட்பார்களே, அதே கேள்வியை இம்மக்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இதைச் சொன்னால் கூடுதல் விளக்கமே தேவையில்லை.

"டிரீமிங்" என்பதைக் "கனவு" என்று பெயர்க்கவே கூடாது. தூங்கும்போது வருவது இல்லை அது. "புராணம்" என்றால் முடிந்துபோன கதையாகிவிடுகிறது. படைப்பும் சட்டமும் உறவும் சேர்ந்த ஒன்று, இன்றும் நடந்துகொண்டிருப்பது. சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அந்த மக்களின் சொல் இருந்தால், உதாரணமாக அனங்கு மக்களின் "ஜுகுர்பா", அதையே பயன்படுத்துங்கள்.

"நாடோடிகள்" என்பதும் தவறு. பருவத்துக்குப் பருவம் தெரிந்த மண்ணுக்குள் இடம் மாறுவது வேறு, இலக்கில்லாமல் அலைவது வேறு. விக்டோரியாவில் புட்ஜ் பிம் என்ற இடத்தில் குன்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களை வைத்துக் கால்வாய் கட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். அதன் வயது சுமார் 6,600 ஆண்டு. 2019-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. (ஒரு எச்சரிக்கை: பரமட்டாவிலும் விலாங்கு, அங்கேயும் விலாங்கு என்று இரண்டையும் ஒரே மக்களின் கதையாக்கிவிடாதீர்கள். நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கிறது.)

அப்புறம், "கண்டுபிடித்தார்". சின்ன வயதில் நாம் மனப்பாடம் செய்த பொது அறிவுப் பாடத்திலிருந்து இது நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர் கேப்டன் குக். "வந்தார்" என்று சொன்னால் போதும். 1788-ஐ "குடியேற்றம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. ஈழத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தனி. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அது பாடப்புத்தகச் சொல். இங்கே 4-ஆம் வகுப்புப் பாடத்திட்டமே, முதற்குடி மக்கள் இதைப் படையெடுப்பாகப் பார்த்தார்கள் என்று கற்பிக்கச் சொல்கிறது. சின்னவர்களிடம் நான் "கேட்காமல் வந்து பிடித்துக்கொண்டார்கள்" என்கிறேன். அது எல்லோருக்கும் புரிகிறது.

5. புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு கயிறு

முதல் வாரம் புத்தகமே வேண்டாம். 65 மீட்டர் கயிறு ஒன்றும் துணி மாட்டும் கிளிப்புகளும் போதும். மைதானத்துக்குப் போங்கள். ஒரு மீட்டர் என்றால் ஆயிரம் ஆண்டு.

வட பிரதேசத்தில் மஜெட்பெபே என்ற பாறைக் குகையில் நடந்த அகழாய்வு, மனிதர்கள் அங்கே சுமார் 65,000 ஆண்டுக்கு முன்பே இருந்ததாகச் சொல்கிறது. 50,000-ஐ ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அந்த இடத்திலும் ஒரு கிளிப் மாட்டிவிடுங்கள். அறிஞர்கள் ஒத்துப்போகாததும் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

ஒரு முனையிலிருந்து நடக்கச் சொல்லுங்கள். நடந்துகொண்டே இருப்பார்கள். புட்ஜ் பிம் வரும்போது கயிறு கிட்டத்தட்ட முடிந்திருக்கும், இன்னும் ஆறரை மீட்டர்தான். கல்லணை, கரிகாலன் என்று வாயைத் திறக்கும் பிள்ளைக்கு முனையிலிருந்து சுமார் இரண்டு மீட்டரில் ஒரு கிளிப் கொடுங்கள். 1788-க்கு வரும்போது மிச்சம் இருப்பது 24 சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு. அந்தச் சாணுக்குள்தான் நாம் படிக்கப்போகும் ஐந்து புத்தகங்களில் நான்கு இருக்கின்றன என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

இதை வகுப்பறைப் பலகையில் கோடு போட்டுச் செய்தவர்கள் இருக்கிறார்கள். வேலைக்கு ஆகாது. கால் வலிக்க வேண்டும்.

6. ஐந்து புத்தகங்களின் வரிசை

முதல் வருடம் நான் தொடங்கியது வீட்டிலிருந்து பிடுங்கிச் செல்லப்பட்ட குழந்தைகளைப் பற்றிய புத்தகத்தில். அருமையான புத்தகம். எட்டு வயதுப் பெண் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி அமைதியாகக் கேட்டாள்: "இப்ப அவையள் ஒருத்தரும் இல்லையோ, டீச்சர்?" அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது பரிதாபம் மட்டும்தான். பிழை என்னுடையது, வரிசையைத் தலைகீழாகப் போட்டிருந்தேன்.

ஆகவே முதல் புத்தகம் இன்றைக்கு வாழ்கிற ஒரு பிள்ளையைப் பற்றியது. பாட்டியோடு மீன்பிடிக்கப் போகிறவள், பள்ளிக்கூடம் போகிறவள், ஃபுட்டி ஆடுகிறவள். இரண்டாவது உங்கள் மண்ணைப் பற்றியது: அதன் ஆறு, பருவங்கள், சொற்கள். மூன்றாவது, ஆங்கிலேயக் கப்பல் வருவதைப் பற்றியது. நான்காவது, பிரிவையும் இழப்பையும் பற்றியது. ஐந்தாவது, எழுந்து நின்றவர்களைப் பற்றியது.

ஐந்தாவதை விட்டுவிட்டு நான்காவதோடு முடிப்பவர்கள்தான் அதிகம், நேரமில்லை என்று. வாரம் குறைந்தால் மூன்றாவதையும் நான்காவதையும் சுருக்குங்கள், ஐந்தாவதைத் தொடாதீர்கள். அதற்குக் கதை நிறைய இருக்கிறது. 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையை விட்டு வெளியேறிய குரிஞ்ஜி மக்கள், கூலிக்காக மட்டும் போகவில்லை, மண்ணையே திருப்பிக் கேட்டார்கள். ஒன்பது வருடம் பிடித்தது. 1975-இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் கொட்டினார். அந்தப் புகைப்படத்தை மெர்வின் பிஷப் எடுத்தார், அவரும் அபொரிஜினல். அந்தப் படத்தை நாங்கள் ஒரு முழு வகுப்பு பார்த்திருக்கிறோம்.

தாருக் மண்ணில் மரியா என்ற சிறுமி. யர்ரமுன்டி என்ற தலைவரின் மகள். அபொரிஜினல் பிள்ளைகளுக்காக ஆளுநர் மக்வாரி பரமட்டாவில் தொடங்கிய நிறுவனத்தில் சேர்க்கப்பட்டவள். 1819-இல் நடந்த தேர்வில் ஆங்கிலேயப் பிள்ளைகளையும் சேர்த்து முந்தி முதல் பரிசு வாங்கினாள். வளர்ந்தபின், 1831-இல், தன் அண்ணனுக்குத் தரப்பட்ட நிலத்தைக் கேட்டு ஆளுநருக்கு மனு எழுதினாள். அந்த நிறுவனம் பின்னர் இடம் மாறிப்போன ஊர்தான் பிளாக்டவுன். அந்தப் பழைய இடம் 2018-இல் தாருக் மக்களிடம் திரும்பி வந்தது. படிப்பில் முதலாவதாக வருவதைப் பற்றி நம் வீடுகளில் எவ்வளவு பேசுகிறோம் என்பதால், மரியாவின் கதை நம் பிள்ளைகளிடம் எங்கேயோ போய்த் தைக்கிறது.

7. படத்தை முதலில், எழுத்தைப் பிறகு

ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று முறை படிக்கிறோம். முதல் முறை எழுத்துகளின் மேல் ஒரு காகிதப் பட்டையை வைத்து மறைத்துவிடுங்கள். பெரியவர் வாசிக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள், பார்ப்பது நின்றுவிடுகிறது. படப்புத்தகத்தில் பாதிச் செய்தி எழுத்தில் இல்லாததுதான்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் யாரும் பேசக்கூடாது. இரண்டு நிமிடம் என்பது ரொம்ப நேரம், உங்களுக்கே கை நமைக்கும். பொறுங்கள். பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில்: என்ன தெரிகிறது? யார் எங்கே நிற்கிறார்? நாம் எங்கே நின்று பார்க்கிறோம்?

மூன்றாவது கேள்விக்குத்தான் இத்தனை ஏற்பாடும். 1770 ஏப்ரல் 29 அன்று குக்கின் படகு கமாய் என்ற பாட்டனி குடாவில் கரைக்கு வந்தபோது, க்வேகல் வீரர்கள் இருவர் பாறைமேல் நின்று எதிர்த்தார்கள். இந்தக் காட்சியைக் கப்பலிலிருந்து வரைந்த பழைய படங்கள் இருக்கின்றன. கரையிலிருந்து வரைந்த புதிய படப்புத்தகங்களும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதல் படத்தில் இரண்டு சின்ன உருவங்கள் நம்மை மிரட்டுகின்றன. இரண்டாவதில் நாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறோம், எதிரே துப்பாக்கிகள். "அப்ப முதல் படத்துல நாம தண்ணிக்குள்ளயா நிக்கிறோம் மிஸ்?" என்றான் ஒருவன். கிட்டத்தட்ட அதேதான்.

அன்று அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சுமார் 40 ஈட்டிகளில் நான்கு மட்டும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிடம் எஞ்சியிருந்தன. 2024-இல் அவை அதே குடாக் கரையிலுள்ள லா பெரூஸ் அபொரிஜினல் சமூகத்திடம் திரும்பி வந்தன. மூன்றாவது புத்தகம் முடியும் நாளில் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை எழுத்தோடு, நிறுத்தாமல் வாசியுங்கள். இடையில் தமிழ் விளக்கம் வேண்டாம், ஓட்டம் கெட்டுவிடும். மூன்றாம் முறை பிள்ளைகள் பக்கத்தைத் திருப்புவார்கள், தமிழில் கதையை அவர்கள் சொல்வார்கள். சொல் கிடைக்காமல் திணறும்போது உங்கள் நான்காம் படித் தாள் உதவும்.

பன்னிரண்டு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு பிரதி வாங்கி இரண்டு வட்டமாகப் பிரியுங்கள். திரையில் போட்டுக் காட்டிப் பார்த்தேன். தாளில் விரலை வைத்துத் "இதோ இங்க" என்று காட்டும் சந்தோஷம் திரையில் வரவில்லை.

8. கனமான பக்கம்

நான்காவது புத்தகத்துக்கு ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குக் கடிதம் அனுப்புங்கள். என்ன படிக்கப்போகிறோம், எந்த நாள், வீட்டில் பிள்ளை என்ன கேட்கக்கூடும் என்பது அதில் இருக்கட்டும். எங்கள் பள்ளியில் சில வீடுகளுக்குக் காணாமல் போனவர்களின் கதை உண்டு. அந்தக் கடிதம் போகாத வருடம், ஒரு அம்மா வாசலில் வந்து நின்று எதுவும் பேசாமல் போனார்.

உண்மைகளை நேராகச் சொல்லுங்கள், குறைவாகச் சொல்லுங்கள். 1915-க்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸில் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஒரு அபொரிஜினல் குழந்தையை எடுத்துச் செல்லும் அதிகாரம், அரசின் அபொரிஜினல் பாதுகாப்பு வாரியத்துக்கு இருந்தது. கெம்ப்சிக்குப் பக்கத்தில் கின்செலா சிறுவர் இல்லத்தில் பையன்களைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழைத்தார்கள். அந்த இல்லம் 1970 வரை நடந்தது. 1997-இல் வந்த விசாரணை அறிக்கை, 1910-க்கும் 1970-க்கும் இடையே மூன்றில் ஒன்று முதல் பத்தில் ஒன்று வரையான முதற்குடிக் குழந்தைகள் இப்படிப் பிரிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இளையவர்களுக்கு எண்ணால் அழைத்தது ஒன்றே போதும். சதவீதம் பெரியவர்களுக்கு.

நடிக்கச் சொல்லாதீர்கள். "உன்னை அப்படிப் பிடித்துக்கொண்டு போனால்?" என்று கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்லாதீர்கள். புதிய ஆசிரியர்கள் இதை ஆர்வமாகச் செய்கிறார்கள். பிள்ளையைப் பயமுறுத்தலாம், ஆனால் பயம் வரலாறு இல்லை. வகுப்பில் அபொரிஜினல் பிள்ளை இருந்தால் அவரை நோக்கித் திரும்பி "நீ சொல்லு" என்பதும் கூடாது.

நம் கதையோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். ஆசிரியர் தொடங்க வேண்டாம். ஒப்பிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு முழுவதும் நம்மைப் பற்றியதாகிவிடுகிறது, குரிஞ்ஜியும் தாருக்கும் காணாமல் போய்விடுகிறார்கள். பிள்ளை தானாக "எங்கட அம்மம்மா வீடும் இப்பிடித்தான்" என்று சொன்னால் கேளுங்கள், தலையசையுங்கள், புத்தகத்துக்குத் திரும்புங்கள். அன்று மாலை அந்த வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.

9. பிள்ளைகள் கையால் என்ன செய்வது?

புள்ளி ஓவியம் வேண்டாம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், பஞ்சு நுனியும் காவி நிறமும் எடுத்துவைத்துவிடுவார்கள். இன்று உலகம் அறிந்த அந்தப் பாணி 1971-இல் பாப்புன்யாவில் மேற்குப் பாலைவன மக்களிடமிருந்து எழுந்தது. ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிமையுள்ள குடும்பங்கள் உண்டு. தாருக் மண்ணில் உட்கார்ந்து அதை நகலெடுப்பதில் வரலாறு எதுவும் இல்லை. "நீயே ஒரு டிரீமிங் கதை எழுது" என்பதும் அப்படித்தான்.

நாங்கள் செய்வது இரண்டு. தங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியை வரைந்து, அதில் தாருக் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று குறிப்பது. பிடித்த ஒரு பக்கத்துக்குத் தமிழில் ஒரே வரியில் தலைப்பு எழுதுவது. ஒரு வரிதான், இரண்டாவது வரி எழுத விடுவதில்லை.

10. சரிபார்த்துக்கொள்ள வேண்டிய தகவல்கள்

பெற்றோரும் சில ஆசிரியர்களும் அடிக்கடி தவறாகச் சொல்பவை இவை. 1967 வாக்கெடுப்பில் ஓட்டுரிமை கிடைத்தது என்பார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் ஓட்டுரிமை 1962-இலேயே சட்டமானது. 1967-இல் 90 சதவீதத்துக்கும் மேலானோர் ஆமென்று சொன்னது, முதற்குடி மக்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சிக்குத் தரவும், மக்கள்தொகைக் கணக்கில் அவர்களை விலக்கிய பிரிவை நீக்கவும். அதற்கு முன் அவர்களை ஒரு "தாவர விலங்குச் சட்டத்தின்" கீழ் வைத்திருந்தார்கள் என்ற பேச்சும் உலவுகிறது. அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. இருந்த சட்டங்களே போதுமான அளவு மோசம், இதைச் சேர்க்கத் தேவையில்லை.

எடி மாபோ அபொரிஜினல் தலைவர் என்று எழுதிவிடுவார்கள். அவர் மெர் தீவுக்காரர், டோரஸ் நீரிணைத் தீவு மக்களில் ஒருவர். அவர் தொடுத்த வழக்கில், முதற்குடி மக்களின் நில உரிமையை ஏற்று 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை, அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தார். கொடிகளும் இரண்டு. கறுப்பு, சிவப்பு, நடுவே மஞ்சள் வட்டம் என்பது 1971-இல் ஹரால்ட் தாமஸ் வடிவமைத்த அபொரிஜினல் கொடி. பச்சை, நீலம், நடுவே வெள்ளைத் தலையணி என்பது தீவு மக்களுடையது.

11. விருந்தினர் வரும் நாள்

கடைசி வாரம்தான் அவரை அழைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே கூப்பிட்டால் பிள்ளைகள் "நீங்க கங்காரு சாப்பிடுவீங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஐந்து புத்தகங்களுக்குப் பிறகு கேள்விகளே வேறு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியைக் கார்டில் எழுதி, இரண்டு நாள் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள். எதற்குப் பதில் சொல்வது, எதை விடுவது என்று அவர் முடிவு செய்துகொள்வார். போன வருடம் வந்தவரைப் பிள்ளைகள் "ஆன்ட்டி" என்று அழைக்க, அது மரியாதைச் சொல்லாகவே அங்கேயும் வழங்குவதால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

டீயும் வடையும் வைத்திருந்தோம். கட்டண உறையை அவர் கிளம்பும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். "அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அப்புறம்" என்று இழுக்க வேண்டாம். அவர் பதில் சொல்லாமல் விட்ட கார்டுகளை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். அடுத்த வருடம் புத்தகம் தேடப் போகும்போது அந்த டப்பாவைத்தான் முதலில் திறப்பேன்.